எம். செல்வத்தின் எம்

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணியெல்லாம் வீட்டுக்குள்ளே கொடியில். சங்கடஹர சதுர்த்தி, விரதம்.

அபார்ட்மெண்ட் கம்பெனியிலிருந்து இவருடைய வயரிங் பில் பணம் வந்தது. நூற்றுக்கு ஒன்று வரி பிடிப்பார்கள். இந்த முறை நூற்றுக்கு இருபது! இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். என் தப்பு இல்லை.

இவர் போன் போட்டார். அங்கே கணக்குப் பார்க்கிறவர், கன்னடம் கலந்து: "பான் கார்டு செல்லாதுன்னு காட்டுது சார். ஆதாரோட லிங்க் ஆகல. ரூல் அப்படி, நானேனு மாட்லி, நான் என்ன பண்ண?"

"காண்ட்ராக்ட்காரன்னா இளிச்சவாயனா?" இவர் போனை வைத்துவிட்டார்.

கூட வேலை செய்யும் இருவருக்கும் சனிக்கிழமை கூலி. பிள்ளையாரப்பா.

வாங்க: உளுந்து, நல்லெண்ணெய், கற்பூரம்.

ஜூலை 15, செவ்வாய்
இவருக்கு சைட்டில் வேலை. ஆடிட்டர் ஆபீசுக்கு நான் போனேன். அங்கே இருக்கும் கவிதா மேடம் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆதாரில் ‘செல்வம் எம்’. பானில் ‘செல்வம் முனிசாமி’.

"பான்ல இனிஷியல் எடுக்காதுக்கா. சர்நேம்னு ஒரு கட்டம். நம்ம ஆளுங்களுக்கு ஏது சர்நேம்? எழுதிக் குடுத்தவன் அப்பா பேரைத் தூக்கிப் போட்டிருப்பான்."

வழி இரண்டு. ஆதாரில் எம்மை விரித்து மாமனார் பெயரை முழுதாக எழுதுவது. அல்லது எம்மையே எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் வெறும் செல்வம்.

இவரிடம் எப்படிச் சொல்ல. மாமனார், இவர் ஏழாவது படிக்கும்போது வேறொருத்தியோடு ஆனேக்கல் போனவர். திரும்பவேயில்லை. அங்கேயே காலமானார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா இடத்தில் பெரியப்பா பெயர்தான்.

சாயந்திரம் காபியோடு சொன்னேன்.

"அந்த ஆளு பேரா? வெறும் செல்வம்னு போடு."

"பேங்க்குல இருந்து பசங்க சர்டிபிகேட் வரைக்கும் மாத்தணுமாம்."

"அப்ப காண்ட்ராக்டே வேணாம். தாமஸ்கிட்ட சம்பளத்துக்குப் போறேன்."

ஜூலை 17, வியாழன்
ஆடி பிறந்தாச்சு. வாசலுக்குப் பெரிய கோலம், பாதி மழையில் போச்சு.

தாமஸ் அண்ணன் வந்தார். இவரோடு ஒன்றாகத் தொழில் கற்றவர், இப்போது பெரிய காண்ட்ராக்டர்.

"வாடா மச்சான். ஒண்ணாந்தேதி ஆனா கையில காசு. வரி கிரி எல்லாம் என் தலைவலி. ஆனா என் சைட்ல சுவிட்ச் போர்டு நான் சொல்ற எடத்துலதான், ஆமா!" பெரிய சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை.

"சம்பளத்துக்கும் பான் கேப்பாங்களேண்ணே?"

"கையில குடுக்கிற காசுக்கு எதுக்கு தங்கச்சி பான்?"

அது என் மனசுக்குச் சரியாகப் படவில்லை. சாமி விளக்குக்கு எண்ணெய் விடும்போதும் அதே நினைப்பு. சொந்தத் தொழில் என்று இவர் வண்டியில் பெயர் எழுதிக்கொண்ட அன்று எங்கள் ஜீவனஹள்ளித் தெரு முழுக்க லட்டு கொடுத்தோம்.

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மறுபடி சொல்ல.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி
அம்மனுக்குக் கூழ். நல்ல கூட்டம். முருங்கைக்கீரை கட்டு என்ன விலை!

இவர் குளித்து, விபூதி பூசி, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தாமஸுக்கு வரலேன்னு சொல்லிட்டேன்."

"சரிங்க."

"ஆதார் சென்டர்ல டோக்கன் எத்தனை மணிக்குக் குடுப்பாங்க?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். கையில் கூழ்க் கரண்டி.

ஜூலை 19, சனி
வெயில், ஒருவழியாக. ஆதார் சென்டரில் நல்ல வரிசை. இவர் பான் கார்டு, நகல் எல்லாம் பிளாஸ்டிக் கவரில்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண்: "எம் அந்த்ரே ஏனு சார்? ஃபுல்லா ஹேளி."

எம் என்றால் என்ன என்று முழுதாகச் சொல்ல வேண்டுமாம். இவர் கவரையே புரட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவர், "பேக ஸ்வாமி, சீக்கிரம்! அப்பா பேரு மறந்துட்டீங்களா?" நாலு பேர் சிரித்தார்கள். கூசிப்போச்சு. புரட்டாசி அமாவாசைக்கு ஐயர் அப்பா பெயரை அத்தனை தரம் கேட்டும் வாயைத் திறக்காத மனுஷன். நானே சொல்லிவிடலாம் என்று போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு இவரே. எம், யு, என், ஐ. ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக. அந்தப் பெண் தட்டி முடித்து, திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"சரிதானா?"

"சரிதான்."

"முனிசாமி சார், கேமரா நோடி."

வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் கேமராவை.