சிமெண்ட் பூசாமல் விட்ட இடம்

புவெர்த்தோ பிளாத்தா,
மேட்டுத் தெரு.

என் மகள் யொகாஸ்தாவுக்கு, "ஆசி குடும்மா" என்று நீ அங்கிருந்து கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன், கடவுளும் அல்தகிராசியா மாதாவும் உன்னைக் காக்கட்டும். நானும் உன் மகள் அரிஸ்லெய்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. போனில் பேசினால் நீயும் அழுகிறாய் நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது, அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி ரதாமேஸுக்கு, செத்தவர்களுக்கு வைக்கிற ஒன்பது நாள் ஜெபம் எப்போதம்மா வைப்பாய் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாயே, அதற்குப் பதில் இதில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

முதலில் கப்பல் சமாச்சாரம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து நமக்கு உதவி செய்ய வரும் வெளிநாட்டு ஜனங்களை ஏற்றிவந்த கப்பல் இனி வராதாம். டிக்கெட் விற்கவில்லையாம். கடற்கரையில் மல்லாந்து கிடக்கக் காசு கொடுக்கிறவர்கள் மண் சுமக்கக் கொடுப்பார்களா என்று அவர்கள் ஆபீஸிலேயே பேசிக்கொண்டார்களாம், அரிஸ்லெய்தி வந்து சொல்லிவிட்டு அன்று சாப்பிடவே இல்லை. அவள்தானே அவர்களுக்கும் நமக்கும் நடுவில் நின்று இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை எந்த நாட்டில் படித்தது என்று கேட்பார்கள், இதே மேட்டில்தான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். வேறு கப்பல்கள் வராமல் இல்லை, துறைமுகத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் நான் பழக்கதோஷத்தில் அடுப்பில் காப்பியை வைத்துவிடுகிறேன், அந்த ஜனம் மேடு ஏறுவதில்லை, காப்பியை நாங்களே குடிக்கிறோம்.

நம் வீட்டுக்குத் தரை போட்ட அன்று நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். வாசலிலிருந்து உள்ளறை வரை வரிசையாக நின்று வாளி வாளியாகச் சிமெண்ட் கலவையைக் கைமாற்றினார்கள், வெயிலில் வெந்த நண்டு மாதிரி சிவந்துபோய்ப் பாட்டு வேறு. பக்கத்து வீட்டு மினெர்வா வேலிமேல் சாய்ந்துகொண்டு, "காசு குடுத்து வந்து கல்லு சுமக்குற கூட்டத்த இப்பத்தான்டி பாக்குறேன், எங்கிட்ட அனுப்பு, துணி தொவைக்க விடுறேன், பாதிக் காசு போதும்" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள், என்ன சொன்னாள் என்று தெரியாமல் அவர்களும் சிரித்தார்கள்.

கட்டில் காலடியில் ஒரு பால்டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதன் கீழேதான் ரதாமேஸின் தொப்புள்கொடியைப் புதைத்திருக்கிறது. வீட்டுக்குள் புதைத்தால் பிள்ளை எங்கே போனாலும் வந்துவிடும் என்று உன் அப்பா தன் கையால் குழி தோண்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிழைப்புக்குக் கள்ளப் படகேறிப் போனவன் வரவில்லை, உடம்பும் வரவில்லை, அதற்காக வழியை அடைப்பார்களா. அந்த இடத்தை மண்ணாகவே விடு என்று கொத்தனார் சிப்ரியானிடம் சொல்லியிருந்தேன், அவனும் டின்னைச் சுற்றித்தான் பூசினான். கடைசியில் எல்லாரும் கை கழுவும்போது, கப்பலில் வந்தவர்களில் டாரத்தி என்று என் வயசுக்காரி ஒருத்தி, மறந்துவிட்டார்கள் என்று நினைத்து டின்னை எடுத்துவிட்டுக் குழியைச் சிமெண்டால் நிரப்பி உள்ளங்கையால் வழித்துவிட்டாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறாள். "பாட்டி, நீங்க தடுக்கி விழுந்துடக் கூடாதுன்னு அடைச்சாங்களாம்" என்று உன் மகள் சொல்கிறாள், சொல்லும்போதே அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. முழங்கை வரை சிமெண்டோடு நிற்கிறவளிடம் என்ன சொல்ல முடியும், நன்றி என்றேன். கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்து, அவர்கள் பஸ் கிளம்பின பிறகு கரண்டியால் குத்திப் பார்த்தேன், இறுகிவிட்டது, கரண்டி வளைந்ததுதான் மிச்சம்.

விஷயத்தை அரிஸ்லெய்தி எப்படியோ டாரத்திக்கு எழுதிவிட்டாள். அழுது பதில் போட்டிருந்தாள், அடுத்த கப்பலில் வந்து நானே என் கையால் திறந்து தருகிறேன் என்று. அடைத்த கையே திறக்கட்டும் என்று நானும் சிப்ரியானை உளி வைக்க விடாமல் இருந்தேன். இப்போது கப்பலே இல்லை என்றானபின் முந்தாநாள் அவன் சுத்தியலோடு வந்தான். நான் நாற்காலியை அந்த இடத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டேன். "நவுருங்கக்கா, ரெண்டு தட்டு, முடிஞ்சுது" என்றான். எழுந்திருக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் யொகாஸ்தா, வெறும் மண். அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து, அவன் வருவான் என்று மூன்று வருஷம் கதவைத் தாழ்போடாமல் படுத்தேன். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஊரே அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகும், நான் மட்டும் எங்கே போவேன் என்று வீட்டிலேயே கிடப்பேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி குனிந்து பார்த்தேன், அந்த அம்மாளின் விரல் தடம் ஐந்தும் அதில் அப்படியே இருக்கிறது. யாரோ ஒருத்தி என் பிள்ளையை மூடித் தடவிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எழுந்து சிப்ரியானிடம், உடைக்காதே, ஒரு சிலுவையும் ரதாமேஸ் பேரும் வெட்டு என்றேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வெட்டினான்.

வரும் திங்கட்கிழமை ஜெபம் தொடங்குகிறது, மினெர்வாதான் ஜெபமாலை சொல்லப்போகிறாள், என்னைவிட அதிகம் அழுகிறவளும் அவள்தான். அந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாமல் நீ கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது என்று எனக்குத் தெரியும், வா என்று சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்று. குளிருக்குக் காதை மூடிக்கொள், இரண்டு வேலை பார்க்கிறேன் என்று ஒரு வேளை சாப்பாட்டை விடாதே. டாரத்தியம்மாளுக்கு என் பேரில் ஒரு வரி எழுத அரிஸ்லெய்தியிடம் சொல்லியிருக்கிறேன், வேலை சரியாகவே முடிந்திருக்கிறது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று.

கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக, மகளே. உன் தொப்புள்கொடி கொல்லையில் அவகாடோ மரத்தடியில் இருக்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்தப் பக்கம் யாரையும் சிமெண்ட் கொண்டுவர விடமாட்டேன்.

உன் அம்மா,
கசில்தா