ஒற்றைக் கைக்கு ஒரு பிடி

புதன்கிழமை

ஓட்டைக்குள் திருகாணி ஏறும்படி மரை போடுகிற டேப் என்ற கருவியைத் திருப்ப எங்கள் பூட்டுப் பட்டறையில் இருப்பது இரண்டு பக்கமும் பிடி நீண்ட ஹேண்டில். அதற்கு இரண்டு கையும் வேண்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரரின் இடது கை மடியிலேயே கிடக்கிறது.

இன்று நானே கடைக்குப் போனேன்.

"சின்ன மரைதான். ஒத்தைக் கையால திருப்பணும்" என்றேன்.

"அப்ப டி ஹேண்டில் கொண்டு போங்கக்கா" என்று ஒரே கைக்குள் அடங்குகிற பிடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். வழியெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பட்டறையில் வீட்டுக்காரர் அதில் டேப்பை மாட்டி, வலது கையாலேயே மூன்று ஓட்டைக்கு மரை போட்டார். சுத்தமாக இறங்கியது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப இந்தக் கை வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட, இல்ல?"

"அய்யோ, சரியாகுற வரைக்கும்தாங்க" என்றேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குச் செத்த நேரம் பிடித்துவிட்டது. கவனித்துவிட்டார்.

தினமும் சாப்பிட்டதும் இடது கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கிப் பழகுவார், நான் எண்ணுவேன். இன்றும் பந்தை நீட்டினேன். வலது கையால் வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.