மரத்து உச்சிக்குப் போன வெளிச்சம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார், நான் சொல்லப்போவதோ அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாதது.

போன மாதம் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. விடிவதற்கு முன்னால் சலவைக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, வாய்க்கால் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரரை அப்பா பார்க்கவே இல்லை. நான் கத்தினேன், அவர் பிரேக்கை மிதித்தார், நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. சைக்கிள்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போய்விட்டார், அப்பா வண்டியை ஓரங்கட்டி அணைத்தார். "எனக்குக் கண்ணு போயிடுச்சு, யாரையாவது கொன்னுடப்போறேன், இந்த மாசத்தோட சாவியை வெச்சிடறேன்" என்றார். இருபத்திரண்டு வருடம் அந்தப் பிக்கப் வண்டியை ஓட்டியவர் சொன்ன பேச்சு இது. அந்த நேரத்தில் உனக்கு வண்டியில் என்ன வேலை என்று கேட்காதே, நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாகத் தினமும் கூடப் போகிறேன். தூக்கம் வரவில்லை, காலைக் காற்று வாங்க வருகிறேன் என்று அவரிடம் ஒரு புளுகு. உண்மையில் அவருக்குப் பதிலாக ரோட்டைப் பார்க்கத்தான். அதோ பள்ளம் மாதிரி இருக்கே, யாரோ வர்ற மாதிரி இருக்கே என்று சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போவேன்.

இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மா நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணாடி பவர்தான் கொஞ்சம் மாத்தணும், வண்டி லைட்டு எப்படி எரியுது?" என்று கேட்டாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று உன் அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து ஹெட்லைட்டை முந்தானையால் துடைத்துப் பார்த்தேன், மங்கல் போகவில்லை. மேல்மூடி மஞ்சளடித்துச் சொரசொரவென்று கிடந்தது. ஊர்த் துணியெல்லாம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தே பிழைக்கிற குடும்பம், சொந்த வண்டியின் கண் மஞ்சளானதைப் பார்க்கவில்லையே!

மூலை ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். மின்னல் என்று பட்டப்பெயர், வேலை மட்டும் ஆமை வேகம், ஆனால் கெட்டிக்காரர். இரண்டு விளக்கையும் முழுசாக மாற்றி, நல்ல பல்ப் போட்டார். பழைய வயரில் பாதி கரண்ட் வழியிலேயே செத்துப்போகிறதாம், அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தடி வயர் இழுத்து நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தார். உள்ளே இருக்கும் சுவிட்ச் உத்தரவு மட்டும் போடுமாம், கரண்ட் வேறு வழியில் வருமாம். எனக்கே புரிந்துவிட்டது! பிறகு வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் விழும் உயரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

மறுநாள் மூட்டைகளை ஏற்றிக் கிளம்பினோம். ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திரும்பினதும் ரோடு இருட்டாகவே இருக்கிறது, மேலே மரங்கள் பட்டப்பகல்! கிளைக்குக் கிளை வெள்ளைப் பறவைகள், நூறோ இருநூறோ, கழுத்தை மடக்கிக்கொண்டு தூங்குகின்றன. கூட்டுக்குள்ளிருந்து ஒன்று மட்டும் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அடேயப்பா, இத்தனை வருடம் இதற்கு அடியிலா போய் வந்தோம்! அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எனக்கு ஏனென்றே தெரியாமல் அழுகை வந்தது. எதிரே வந்த லாரிக்காரர்தான் கண் கூசி, "வானத்துல என்னத்தைய்யா தேடறீங்க" என்று கத்தினார்.

திரும்பிப் போய்ச் சொன்னதும் மின்னல் தலையில் அடித்துக்கொண்டார். காலி வண்டியில் கோடு பார்த்துவிட்டாராம். மூட்டை ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கும், அது எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. அன்று சாயங்காலம் மறுநாளைக்கான இருபத்தாறு மூட்டையையும் ஏற்றி, அப்பாவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, "அக்கா, நீங்களும் ஏறுங்க, உங்க வெயிட்டும் கணக்குல வரணும்" என்றார். ஒரு முறை முறைத்துவிட்டு ஏறினேன். விளக்கின் ஸ்க்ரூவைத் திருகித் திருகி வெளிச்சத்தைக் கீழே இறக்கினார்.

அடுத்த நாள் நான் கண்டதை எப்படிச் சொல்வேன் கண்ணு. ரோடு தெரிந்தது. ஓரத்து வெள்ளைக் கோடு, ஒவ்வொரு கல்லின் நிழல், வாய்க்கால் சுவரில் செங்கல் செங்கலாக, வெகுதூரத்தில் நடந்துபோகிற ஒரு மனிதரின் செருப்பு வார்கூட. உன் அப்பா ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வழியில் வந்த பலகையையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு வந்தார். பள்ளம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒதுக்கி ஓட்டிவிட்டார். திரும்பி வரும்போது ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், "நாளைலேர்ந்து நீ வரவேணாம், நல்லாத் தூங்கு. ரெண்டு வருஷம் எனக்காக முழிச்சது போதும். காத்து வாங்க வர்றவ எவளாவது ஜன்னலைச் சாத்திக்கிட்டு வருவாளா?" மனுஷனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, என் மனம் நோகக்கூடாதென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி வண்டியை விற்கச் சொல்லி அவரை நச்சரிக்காதே. குட்டியின் பல்லை டாக்டரிடம் காட்டச் சொன்னேனே, தள்ளிப்போடாமல் காட்டு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இன்று காலை படுத்தே கிடந்தேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். போகும் வழியெல்லாம் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா