ஒட்டிய தகடும் நாலு பொட்டு வெல்டும்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

காரின் பின்பக்கத்தில் நீ பசையால் ஒட்டிவிட்டுப் போன தகட்டில் நேற்று நான் நாலு இடத்தில் வெல்டு வைக்கச் சொன்னேன். பசை கருகிப் புகை வந்தது. தகடு அலை அலையாக நெளிந்துவிட்டது. போனில் சொன்னால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்தினம், கொட்டகையில் நாம் விற்பதற்காகச் சரிசெய்து வைத்த அந்தப் பழைய காரை வாங்கப்போகிற பல் டாக்டர் வந்திருந்தார். சக்கரத்துக்கு மேலே விரலால் சுண்டிப் பார்த்தார். குனிந்து விளிம்பைத் தடவினார். "வெல்டு எங்கம்மா?" என்றார். நானும் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். கறுப்பாக ஒரு பசைக் கோடுதான் இருந்தது. "ஒட்டியிருக்கா? காரையா?" என்று அவர் கேட்ட கேள்வியில், பித்தளையைத் தங்கமென்று விற்றவள் போல நின்றேன். வெல்டு இல்லையென்றால் வண்டி வேண்டாம் என்று போய்விட்டார். அடையாளத்துக்கு நாலு பொட்டு வைத்தால் அவர் மனசு ஆறும் என்று வாசல் கடை வெல்டரைக் கூப்பிட்டேன். என் கணக்கு தப்பிவிட்டது.

ஆனால் ஒட்டப்போகிறேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பசை போட்ட வண்டியை எந்த வாயால் விற்பது? சுற்றி முழுக்க வெல்டு வைத்துவிடச் சொல்லட்டுமா? உடனே எழுது.

பிரசவத்துக்குப் பிறகு உன் மகளுக்கு உடம்பு தேவலையா? குழந்தை யார் சாயல்? உன் மூக்கு வராமல் இருந்தால் சரி.

அன்புடன்,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு என்னுடையது இல்லை. குரல் உன்னுடையது. அழுதால் தெருக்கோடி வரை கேட்கிறது. மகள் நன்றாக இருக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்தேன். ஒட்டின தகட்டில் யாராவது நெருப்பு வைப்பார்களா? வண்டியின் பாரத்தைத் தாங்குகிற தூணும் அடிச்சட்டமும் நான் வெல்டு வைத்ததுதான். அதை உன் டாக்டர் குனிந்து பார்க்கவில்லை. பின்பக்கத் தகடு மேல்தோல், மெல்லிசு. சூடு பட்டால் நெளியும். அப்புறம் தட்டித் தட்டி, பட்டி பூசி மறைக்க வேண்டும். உள்பக்கம் வெந்த இடத்தில் பெயிண்ட் அடிக்கக் கை நுழையாது. துரு அங்கேதான் பிறக்கும். பசையில் சூடும் கிடையாது, இரண்டு தகட்டுக்கு நடுவே தண்ணீர் புகவும் வழி கிடையாது. முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பாயா? அதனால்தான் சொல்லவில்லை.

முழுக்க வெல்டு வைத்தால் வைத்துக்கொள். அதோடு நான் உன் கொட்டகைக்கு வரமாட்டேன். மேற்குத் தெருப் பட்டறைக்காரர் என்னை வேலைக்குப் பலமுறை கூப்பிட்டுவிட்டார். இதைக் கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனாலும் நிஜம்.

தம்பி

மார்ச் 11

அன்புள்ள கோபக்காரத் தம்பிக்கு,

வெல்டு வைக்கவில்லை. எப்படியும் அந்தத் தகடு போய்விட்டது, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று கழற்றச் சொன்னேன். வெல்டு வைத்த நாலு இடமும் கிரைண்டரில் அரைத்ததும் கையோடு வந்துவிட்டது. மற்ற இடங்களில் வெல்டர் உளியை வைத்து அடித்தார். தகடு கிழிந்ததடா, பசை விடவில்லை! அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்க தம்பி என்னத்தம்மா போட்டுத் தொலைச்சாரு? என் பிழைப்புல மண்ணைப் போடற சாமானா இருக்கே!" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

வெல்டு பட்ட இடம் அதற்குள் பழுப்பேறியிருக்கிறது. பசை பெயர்ந்த ஒரே ஓர் இடத்தில் அடி இரும்பு துளித் துருகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. பசைக் கோடு முழுக்க ஒரே அகலம். யார் கண்ணிலும் படாத இடத்தில் இத்தனை சுத்தமா! எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதிவிட்டேன், நேரில் சொல்லச் சொல்லாதே.

டாக்டரை வரவழைத்து ஒன்றையும் மறைக்காமல் காட்டினேன்.

"டாக்டர், பல்லுக்கு மேல கேப் போடறீங்களே, வெல்டா வைக்கிறீங்க?"

"அது வேறம்மா."

"என்ன வேற? நீங்க ஒட்டுன கேப்பை வச்சுத்தான் என் வீட்டுக்காரர் கண்டதையும் கடிக்கிறார்."

சிரித்துவிட்டார். பிறகு கிழிந்த தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொரசொரன்னு தேய்ச்சிருக்கார். ஈரம் இல்லாமப் பார்த்திருக்கார். நாங்களும் இதைத்தான் செய்யறோம்" என்றார். கிளம்பும்போது, "ஒட்டட்டும். ஆனா ஒட்டறப்ப நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்" என்றார்.

மேற்குத் தெருக்காரர் உன்னைக் கூலிக்குக் கூப்பிடுகிறார். நான் பங்குக்குக் கூப்பிடுகிறேன். உனக்கு என்ன வேண்டும், எழுது.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

"தகடு கிழிந்தது, பசை விடவில்லை" என்ற வரியை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். அவர் போதும் என்கிறவரை.

பங்கு என்றால் சரிபாதி. என்னைக் கேட்காமல் என் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது. வாங்க வருகிறவரிடம் ஒட்டியது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டாக்டர் பக்கத்தில் நிற்கலாம், பேசக் கூடாது. ஒட்டு இறுகுகிறவரை வண்டியை யாரும் தொடக் கூடாது, முக்கியமாக நீ.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்.

தம்பி

மார்ச் 17

அன்புள்ள பங்காளிக்கு,

டாக்டரிடம் பேசி முடித்துவிட்டேன். முதலில் சொன்ன விலையில் காலணா குறைக்கவில்லை. பாதி முன்பணம், மீதி வண்டி எடுக்கும்போது. பின்பக்கத் தகடு ஒட்டியது என்று விற்பனைச் சீட்டிலேயே எழுதுகிறோம். ஒட்டுக்கு ஐந்து வருடம் நாம் பொறுப்பு. நமக்குள் பேச்சு இது: தகட்டு வேலையில் கடைசி வார்த்தை உன்னுடையது, பேரத்தில் என்னுடையது. இந்த வண்டியிலிருந்தே லாபம் பாதிக்குப் பாதி. நான் கெடுத்த தகட்டின் விலை மட்டும் என் பாதியில் கழியும்.

அக்கா