பழுப்பு இலை மாமரம்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணியெல்லாம் கூடத்தில் கொடி கட்டிப் போட்டாயிற்று. கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.

செய்ய வேண்டியவை: ரேஷன் கார்டு நகல். கிருமாம்பாக்கம் கண் டாக்டர், என் கண்ணாடிக்கு. நான் செய்யும் மிளகாய்க் கட்டப் புதிரை முடித்துப் புதிர்த் தளத்துக்கு அனுப்புவது.

தங்கை போனில், "அது இன்னாக்கா எப்பப் பாரு கட்டம் கட்டமா?" என்றாள். சொன்னேன்: வரிசை ஓரத்தில் பச்சையில் 3, சிவப்பில் 2 என்று போட்டிருக்கும். மூன்று கட்டம் ஒட்டினாற்போல் பச்சை, அப்புறம் இரண்டு கட்டம் சிவப்பு. எந்தக் கட்டத்தில் ஆரம்பம் என்று யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா வரிசையும் முடிந்தால் படம் தெரியும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஒரே வீட்டுக்காரர்கள் சேர்ந்து உட்கார்வது போல என்றதும் பிடித்துக்கொண்டாள்.

இன்று அந்தத் தளத்தில் போட்டுப் பார்த்தது, 'வெள்ளைநாரை' என்ற பெயரில் ஒருவர் செய்த மாமரம். புது ஆள், முதல் புதிர். கணக்கு சுத்தம், ஓரிடத்திலும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் முடித்துப் பார்த்தால் இலையெல்லாம் வெளிர் பழுப்பு, அடிமரம் கரும்பச்சை! கீழே, 'டீச்சர்' என்ற என் பெயரில் எழுதினேன்: "இலை பழுப்பு, மரம் பச்சை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த நிறம். கவனமாகப் பார்த்துத் திருத்தவும்." நாலைந்து பேர் விருப்பம் போட்டார்கள். கொஞ்சம் சந்தோஷம்தான்.

மாலை அடை. வீட்டுக்காரருக்கு இரண்டு, எனக்கு ஒன்றரை.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. சம்பா நட்டு மூன்று வாரம். அவர் காலையிலேயே வயலுக்குப் போனார். கூடவே கோவிந்தம்மா, நம் வயலில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறவர். வாசலில் வழக்கம்போல அதே கேள்வி: "பயிரு வெளுத்திருக்கா கோவிந்தம்மா?" "கீழண்ட கொஞ்சம் வெளுத்தாப்ல கீது." வேலைக்காரரிடம் யோசனை கேட்கும் பண்பு. அது மட்டும் இவரிடம் எப்போதும் உண்டு.

மாமரத்தைக் காணோம். செய்தவரே எடுத்துவிட்டார். திருத்தித்தானே போடச் சொன்னேன், எடுக்கச் சொல்லவில்லையே. ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் சாம்பார் கொதித்ததில் மறந்துவிட்டேன்.

மிளகாய்ப் புதிர் அனுப்பினேன். இருபதுக்கு இருபது கட்டம், கொல்லைச் செடியைப் பார்த்தே செய்தது. இலை கரும்பச்சை, பழம் அடர் சிவப்பு. இனி குறை சொல்வது மற்றவர்கள் முறை.

அவர் நாற்காலியில் போனும் கையுமாக. "இன்னாங்க பாக்கறீங்க?" "மழ நியூஸு." அவ்வளவுதான். இரண்டு நாளாகப் பேச்சு குறைவு. வயல் கவலையாக இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

கண் டாக்டர் ஆயிற்று. பவர் ஏறவில்லை. பஸ்ஸில் நின்றபடியே வந்தேன், முழங்கால் வலி.

மிளகாய்க்கு மூன்று கருத்து. முதலாமவர் "சூப்பர்". இரண்டாமவர் ஒரு கைதட்டல் படம். மூன்றாவது யாரென்று பார்த்தால், வெள்ளைநாரை! சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே திறந்தேன். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"வணக்கம் டீச்சர். செடி நன்றாக அமைந்திருக்கிறது, அந்தக் காம்பு வளைவு ரொம்ப அழகு. ஏழாம் வரிசை வரை ரசித்துப் போட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. இந்தச் சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், பிறவியிலேயே அப்படி. எங்கள் வீட்டுச் செடியில்கூடப் பழமா காயா என்று அமுக்கிப் பார்த்துத்தான் பறிப்பேன். ஏதாவது ஒரு நிறத்தை வெளிறச் செய்தால் என்னைப் போன்றவர்களும் முடிக்கலாம். நேரம் இருந்தால் மட்டும்."

மூன்று தரம் படித்தேன். நான் அவருக்கு எழுதியதையும் எதிரில் வைத்துப் பார்த்தேன். அவர் முதலில் நல்லதைச் சொல்கிறார். எங்கே நின்றுபோனார், ஏன், என்ன செய்தால் சரியாகும் என்கிறார். முப்பத்தொரு வருஷம் நோட்டு திருத்தியிருக்கிறேன். "கவனம் தேவை" என்று எத்தனை ஆயிரம் தரம் எழுதியிருப்பேன்? எதில் கவனம் என்று எத்தனை நோட்டில் எழுதினேன்?

நிறம் தெரியாதவரைப் போய் கவனமாகப் பாருங்கள் என்றிருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

வெயில். பால்காரர் லேட்.

சமையலறை ஜன்னல் வழியாகக் கொல்லை. அவர் மிளகாய்ச் செடி முன்னால் குந்தியிருக்கிறார். சட்னிக்குப் பச்சையாக நாலு கேட்டிருந்தேன். ஒவ்வொன்றாக இரண்டு விரலால் அமுக்குகிறார். மெத்தென்றிருப்பதை விட்டுவிட்டு விறைப்பானதைக் கிள்ளுகிறார். செக்கச்செவேலென்று ஒரு பழம், அதையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அடுப்பில் கடுகு கருகிவிட்டது.

உட்கார்ந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும்:

தக்காளி. கடைக்காரரையே பொறுக்கிப் போடச் சொல்வார். பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தேன்.

மகன் கல்யாணப் புடவை. எதைக் காட்டினாலும் "எல்லாம் நல்லாத்தான் கீது". அக்கறை இல்லை என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

உழவர் உதவியகத்தில் கொடுத்த இலை வண்ண அட்டை. பயிரின் இலையை அட்டையிலுள்ள பச்சைகளோடு ஒப்பிட்டு உரம் போட வேண்டும். "அட்ட பாத்தா வெவசாயம் பண்றது?" என்று காலண்டருக்குப் பின்னால் செருகினார். திமிர் என்றேன், முகத்துக்கு நேராகவே.

கோவிந்தம்மாவிடம் கேட்கிற கேள்வி.

முப்பத்து நாலு வருஷம். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. நான் என்ன பெயரில் எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்துதானே பார்ப்பார். மாமரத்துக்கு யார் எழுதியது என்று தெரிந்தேதான் அந்த வணக்கம் டீச்சர்.

சட்னி நன்றாக இருந்தது என்றார். தலையாட்டினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மகன் அரியாங்குப்பத்திலிருந்து போன். பேத்திக்குச் சளி.

டேப்லெட்டைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி என் படத்தைப் பார்த்தேன். மிளகாயே இல்லை! ஒரே சாம்பல் புதர். இதைத்தான் அவரைப் போடச் சொல்லியிருக்கிறேன். பழத்தை வெளிர் ஆரஞ்சாக்கினேன், போதவில்லை. இன்னும் வெளுத்தேன். இலையை இன்னும் கருமையாக்கினேன். இப்போது கறுப்பு வெள்ளையிலும் பழம் பளிச்சென்று நிற்கிறது. ஓரத்து எண்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. நிறம் தெரிகிறவர்களுக்கும் இதுதான் நன்றாக இருக்கிறது.

பதில் எழுத ஒரு மணி நேரம். அடித்து அடித்து, கடைசியில் போட்டது: "நன்றி. மாற்றிவிட்டேன், ஏழாம் வரிசையிலிருந்து தொடருங்கள். மாமரத்துக்கு நான் எழுதியது தப்பு. அந்தப் புதிரில் ஓரிடத்தில்கூட ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டேன். எந்த இலை எந்த நிறம் என்று சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கலாம். மரத்தைத் திரும்பப் போடுங்கள்."

அனுப்பியபோது அவர் நாலடி தள்ளி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். அவர் போனில் 'டிங்'. எடுத்துப் பார்த்தார். தோலை மடித்து ஓரமாக வைத்தார். "கோழிக்குத் தவிடு போட்டியா?" என்றார்.

போட்டேன் என்றேன். போடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஒன்றுமில்லை. முழங்காலுக்கு எண்ணெய். அவர் வயல், வீடு, போன். மாமரம் வரவில்லை. நாலு தரம் பார்த்தேன். எழுதாமலே இருந்திருக்கலாமோ.

நவம்பர் 11, செவ்வாய்

பனி. டீ குடித்து டம்ளரை வைத்தவர் காலண்டரைத் தூக்கி அட்டையை எடுத்தார். தூசு தட்டினார்.

"டீச்சர், வெயில் ஏர்றதுக்குள்ள கெளம்பு."

"நான் எதுக்கு?"

"கலரு பாக்கத்தான்."

வரப்பு வழுக்கல். அவர் முன்னால், கையைப் பின்பக்கம் நீட்டியபடி. கோவிந்தம்மா ஏற்கெனவே களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சரம்மா, பயிருக்குப் பரீட்சையா?"

அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எனக்குப் பச்ச செவப்பெல்லாம் சரியா தெரியாது கோவிந்தம்மா. அதான் டீச்சர கூட்டியாந்தேன்."

"இத்தினி வருசமா என்னைய கேக்கும்போதே தெரியாதா?" களையை வரப்பில் வீசினார். "ஏன், டீச்சரம்மாவுக்குத் தெரியாதா?"

நான் குனிந்து அட்டையைப் பார்த்தேன். பின்புறம் குறிப்பு: பத்துச் செடி. மேலே முழுதாய் விரிந்த இலை. இலைமேல் வெயில் படக் கூடாது, உடம்பால் மறைத்துக்கொள்ளவும். பத்தில் ஆறு, நான்காம் பச்சைக்குக் குறைந்தால் உரம்.

அவர் கிழக்கே வந்து நின்றார். நிழல் என் கைமேலும் இலைமேலும் விழுந்தது. நான் எண் சொல்லச் சொல்ல அவர் விரல் மடக்கினார். 3, 3, 4, 3. "நிதானமா பாரு, அவசரமில்ல." 4, 3, 3. "மாமரத்து எலைக்கு இதுல எது?" அட்டையின் கடைசி, கரும்பச்சைப் பட்டையை அவர் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினேன். 3, 4, 3.

பத்தில் ஏழு குறைவு. யூரியா போட வேண்டும்.