அது கண்ணை மூடியது

28.7.96, ஞாயிறு

போஞ்சிக்காய் முதல் ஆய்ச்சல். யோகம் பாதியைப் பையில் கட்டி, 24ஆம் தோட்டத்து பிராவ் யான்சனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். என் மனைவிக்கு நாலு பேருக்கு அள்ளிக் கொடுக்காவிட்டால் நித்திரை வராது. ஆனால் அந்த மனுசிக்குக் கொடுக்கலாம். தோட்டச் சங்கத்தில் எழுதிப்போட்டு மூன்று வருடம் காத்திருந்து இந்த 22ஆம் தோட்டம் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தபோது, படலையடிக்கு வந்து வணக்கம் சொன்ன ஒரே ஆள் அவர்தான். தக்காளிக் கன்றும் தந்தார். அவருடைய கிழட்டுப் பூனை லில்லி கூடைக்குள் வரும், கூடைக்குள் போகும், இடையில் வெயிலில் படுத்திருக்கும். என்னைவிட நல்ல சீவியம்.

எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஹெர் வில்க. கிழமை நாளில் பஸ் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை வாய் ஓட்டுவார். இன்றும் வேலியோரம் ஒரு கறுப்புத் தகட்டைத் தூக்கி எதையோ காட்டி நெடுகக் கதைத்தார். நான் எட்டியும் பாராமல் "யா, யா" என்றேன். பதினொரு வருடமாக ஹம்பேர்க்கில் என்னைக் காப்பாற்றிவரும் ஜெர்மன் அதுதான்.

4.8.96, ஞாயிறு

இன்று நான் வீரன்!

சிநேகிதன் அன்ரனும் அவன் மனைவி கிறிஸ்ரினாவும் கோழி வாட்டிச் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்களும் தோட்டத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறவர்கள். கிறிஸ்ரினா வெங்காயத் தோல் கொட்ட உரப்பெட்டியைத் திறந்தாள். வீரிட்டாள். "அண்ணை, பாம்பு! மண்வெட்டியோட வாங்கோ!" என்று அன்ரன் கத்தினான்.

ஜெர்மனியில் பாம்பா என்று யோசிக்க நேரமில்லை. ஒரு முழ நீளம், பித்தளை நிறம், மினுக்கம். இரண்டே போடு. வால் தனியே கழன்று துள்ளியது; அப்படித் துள்ளிய வாலை நான் ஊரிலும் கண்டதில்லை. பிறகு தேடினால் வாலைக் காணவில்லை. உடம்பைக் கோழி வாட்டிய அடுப்பிலேயே போட்டு எரித்தோம். எரிக்காமல் விட்டால் சோடி மணம் பிடித்துக்கொண்டு வருமே.

"இனி அந்த அடுப்பிலை நான் ஒண்டும் வைக்கமாட்டன்" என்றாள் யோகம். எல்லோரும் சிரித்தோம்.

அன்ரன் போகும்போது சொன்னான்: "சோடி இருக்கும் அண்ணை. விடாதேங்கோ."

5.8.96, திங்கள்

வேலை முடிந்து நேரே தோட்டத்துக்குப் போனேன். சோடி இருந்தது. அதே பெட்டி, அடியில் சூட்டுக்குள். இது தடிப்பு. ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது. அடித்தேன்.

வயிறு வெடித்தது. உள்ளே குட்டிகள். ஏழோ எட்டோ. மெல்லிய தோலுக்குள் சுருண்டு, பொன் நூல் போல, முதுகில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டு அசைந்தன.

குட்டி போடுகிற பாம்பு என்றால் புடையன் இனம்தானே? நஞ்சுதானே? அடித்தது சரிதானே?

ஆனால் சாகமுன் அது கண்ணை மூடியது. கண்டேன். பாம்புக்குக் கண் மூட இமை ஏது?

எரிக்கவில்லை. அப்படியே உரத்தால் மூடிவிட்டு வந்துவிட்டேன். யோகத்துக்குச் சொல்லவில்லை.

11.8.96, ஞாயிறு

ஹெர் வில்க வந்தார். உள்ளங்கையில் காய்ந்த வால்.

இன்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். அது பாம்பே இல்லையாம். காலில்லாத பல்லி. பிளிண்ட்ஷ்லைஷ என்று பெயர். கடிக்காது, நஞ்சில்லை. நத்தைகளைத் தின்று தோட்டத்தைக் காக்கும். முப்பது நாற்பது வருடம்கூட வாழுமாம். சட்டம் பாதுகாக்கிற பிராணி. கறுப்புத் தகடு போட்டது அவை சூடு காய்வதற்காகத்தான். ஒரு தடித்த பெட்டை ஆறு கோடையாக அவருக்குப் பழக்கமாம். "உங்களுக்குத்தான் காட்டினேனே, குட்டி போடப்போகிறாள் என்று சொன்னேனே" என்றார்.

யா, யா என்றிருக்கிறேன்.

"ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டார். என்னைச் சந்தேகப்பட்டல்ல, பக்கத்துக்காரன் என்று கேட்டார். என் வாய் "பூனை" என்றது. அந்த ஒரு சொல்தான். அவர் 24ஆம் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன், என்னவோ உண்மையைச் சொன்னவன் மாதிரி.

18.8.96

தலையிடி என்று சொல்லித் தோட்டத்துக்குப் போகவில்லை.

25.8.96, ஞாயிறு

தோட்டச் சங்கக் கூட்டம். லில்லி மேல் முறைப்பாடு. பிராவ் யான்சன் எழும்பிச் சொன்னார்: லில்லிக்குப் பதினாலு வயது, வாயில் மூன்று பல்லு, குருவிக்குக்கூட எழும்பாது. சொல்லிவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முறை வந்தபோது நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

தீர்மானம்: பூனையை இனிக் கொண்டுவரக்கூடாது. கை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன். உயர்த்தினேனே!

8.9.96, ஞாயிறு

பிராவ் யான்சன் இரண்டு கிழமையாக வரவில்லை. தக்காளி பழுத்துக் கீழே கொட்டுண்டு கிடக்கிறது.

"சுகமில்லையோ தெரியாது, ஒருக்காப் போய்ப் பாப்பமே" என்றாள் யோகம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோடியை, குட்டிகளை, பூனையை, எல்லாம் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன். போஞ்சிக் கொடியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அடிச்சது தெரியாமல் அடிச்சது. பழியைப் பூனையிலை போட்டது தெரிஞ்சுதானே போட்டனீங்கள்?"

எனக்குக் கோபம் வந்தது. "உண்மையைச் சொன்னால் தோட்டத்தைப் பறிப்பாங்கள். தமிழர் இப்பிடித்தான் எண்டு சொல்லுவாங்கள். காத்திருக்கிற அன்ரன் ஆக்களுக்கும் குடுக்கமாட்டாங்கள்!" என்று கத்தினேன்.

"ஓம், ஊருக்காகத்தான் பொய் சொன்னனீங்கள்" என்றாள்.

இனத்தின் மானத்தைக் காக்க ஒரு கிழட்டுப் பூனையைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

15.9.96

முட்டைக்கோவாப் பாத்தி முழுக்க நத்தை. ஓடில்லாத, செம்மண் நிற நத்தைகள். இலை சல்லடையாகிவிட்டது. வாளியில் பொறுக்கினேன், அறுபதுக்கு மேல். காவல் நின்றதைக் கொன்றவனே காவல் பார்க்கட்டும்.

27.9.96, வெள்ளி

அகராதியை வைத்துச் சொல்லவேண்டியதை எழுதிப் பாடமாக்குகிறேன். "கொன்றேன்" என்பதற்குச் சொல் உடனே கிடைத்தது. "வெட்கப்படுகிறேன்" என்பதற்குத்தான் சரியான வசனம் வரவில்லை. ஹோட்டலில் சட்டி கழுவும்போதும் முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்றவன் பிரார்த்தனையா என்று கேட்டான்.

28.9.96, சனி

சொல்லிவிட்டேன். பாடமாக்கியது பாதியில் மறந்தது. மீதியைக் கையால் காட்டினேன். மண்வெட்டி. வயிறு. குட்டி.

ஹெர் வில்க குனிந்து கறுப்புத் தகட்டைத் தூக்கிப் பார்த்தார். கீழே வெறும் மண். பிறகு, "சங்கத்துக்கு நான் சொல்வேன், சொல்லத்தான் வேண்டும். பிராவ் யான்சனிடம் நீங்களே போங்கள்" என்றார். போகும்போது திரும்பி நின்று, எத்தனை குட்டி என்று கேட்டார். ஏழோ எட்டோ என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

6.10.96, ஞாயிறு

யோகம் தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

இரண்டாம் மாடி, இடப்பக்கக் கதவு. பிராவ் யான்சன் என்னைக் கண்டு சிரித்தார். தேத்தண்ணி போடட்டுமா என்றார். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். மூலையில் கூடை இருந்தது. பூனை இல்லை.

வீட்டுக்குள் பூட்டி வைத்ததில் இரவிரவாகக் கத்தியதாம். லூபெக்கில் தங்கையிடம் முற்றம் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டாராம். நான் போய்க் கூட்டிவருகிறேன், ரயிலில் இன்றைக்கே போகிறேன் என்று பதறினேன். வேண்டாம் என்றார். இப்போதுதான் அங்கே சாப்பிடத் தொடங்கியிருக்கிறதாம். அந்த வயதில் இன்னொரு தரம் இடம் மாற்றினால் தாங்காதாம்.

பிறகு சொன்னார்: "நானும் அவள்தான் என்று நம்பிவிட்டேன். அவளை ஏசினேன். ஒரு தரம் அடித்தும் விட்டேன்."

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெல்ல மூடினார். என்னத்துக்கு இந்த மனுசி என்னைத் திட்டாமல் விட்டது? இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் என்ன?

2.11.96

சங்கத்தின் கடிதம். எச்சரிக்கை மட்டும், தோட்டம் தப்பியது. யோகம் மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். சந்தோசமாக இல்லை.

22.12.96

பிராவ் யான்சன் வீட்டுக்கு கேக் கொண்டுபோனேன். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் நின்றது. கதவு திறக்கவில்லை.

16.3.97, ஞாயிறு

பிராவ் யான்சன் தோட்டத்தை விட்டுவிட்டாராம். பூனை இல்லாமல் வர மனமில்லையாம். ஹெர் வில்க வேலிக்கு அப்பால் நின்று சொன்னார். இப்போது தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார்.

பட்டியலில் அடுத்த பெயர் யாருடையது தெரியுமா? அன்ரன். தொலைபேசியில் சந்தோசம் தாங்காமல் கத்தினான். "வாழ்த்துக்கள்" என்றேன்.

4.5.97, ஞாயிறு

24ஆம் தோட்டத்தில் அன்ரனுக்கும் கிறிஸ்ரினாவுக்கும் முதல் நாள். பால் பொங்கினார்கள். நான் என் பக்கம் கொத்திக்கொண்டிருந்தேன். பத்து மணியிருக்கும்.

"அண்ணை, பாம்பு! மண்வெட்டியோட வாங்கோ!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பிராவ் யான்சன் விட்டுப்போன பழைய தகரத்தின் கீழே, பித்தளை நிறத்தில் ஒன்று. சிறிது. முதுகில் கறுப்புக் கோடு. அன்ரன் கல்லைத் தூக்கிவிட்டான். நான் நடுவில் முழங்காலில் இருந்தேன். அது என்னைப் பார்த்தது. கண்ணை மூடித் திறந்தது.

"இது பாம்பில்லை" என்றேன்.

"அப்ப போன வருசம் அடிச்சது?" என்று கிறிஸ்ரினா கேட்டாள்.

"அதுவும் இல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இந்தத் தோட்டம் யாருடையது, ஏன் காலியானது, கூட்டத்தில் நான் எதற்குக் கையை உயர்த்தினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜெர்மனில் சொன்னதைவிடத் தமிழில் சொல்வது கஷ்டமாக இருந்தது. கையால் காட்டித் தப்ப ஏலாது.

அன்ரன் கல்லைக் கீழே வைத்தான். "இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே அண்ணை" என்றான். அடுப்பில் பால் கருகியது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

கிறிஸ்ரினாதான் தகரத்தை மெல்ல மூடினாள். "அவ எங்கை இருக்கிறா?" என்று கேட்டாள். "தக்காளி காய்ச்சால் நாங்கள் கொண்டுபோய்க் குடுப்பம்."

வழி சொன்னேன். இரண்டாம் மாடி, இடப்பக்கக் கதவு. என் பெயரைச் சொல்லாமல் மணி அடிக்கச் சொன்னேன்.