ஒரு பரலோக மந்திர நேரம்

கொடைக்கானல்,
24.7.1958

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. "சிலுவை போட்ட கையால சூரியனைக் கும்பிடுறியாமே" என்று கேட்டு, அதை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பி வரச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் ஊருக்கே உபதேசியார், கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆடி மாதக் கொடைக்கானலில் கும்பிடுவதற்குச் சூரியன் எங்கே இருக்கிறது? ஜன்னலுக்கு வெளியே மேகம்தான்.

இங்கே பள்ளிக்கூட போர்டிங்கில் தினமும் அறுபது படுக்கை விரிப்புகள் துவைக்கிறேன். தையல் டீச்சர் சண்முகவள்ளிதான் யோகாசனம் சொல்லிக்கொடுத்தாள். "வெள்ளனே எந்திரிச்சதும் கைய மேல தூக்கி, மெதுவா குனிங்கக்கா. வலிச்சா அதோட நிறுத்திருங்க" என்றாள். என் விரல் பாதத்தைத் தொட ஒரு மாதம் ஆனது. அதன் பிறகுதான் மடக்கிய காலின் மேல் உட்காரும் வச்சிராசனம். சாயங்காலம் சோலி முடிந்ததும் காலைச் சுவரில் சாய்த்துப் படுத்து, மூச்சை மட்டும் கவனிக்கிறேன்.

எங்கள் அறையில் கடிகாரம் கிடையாது. ஒவ்வோர் ஆசனத்துக்கும், 'எங்கள் பிதாவே' என வேண்டும் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் என்று வைத்திருக்கிறேன். இது யாருக்கான கும்பிடு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முழங்கால் எப்படிப் போனது என்று இதில் எழுதப் போவதில்லை. உங்கள் கோவிலில் கடைசி மூன்று வருடம் எல்லோரும் மண்டியிட்டபோது நான் மட்டும் நின்றேன். "அவளுக்குத் திமிரு" என்று அண்ணியிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது.

போன ஞாயிறு பூசையில் மண்டியிட்டேன். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன்.

வீட்டுக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
பதினொரு வருடம் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த தங்கை